கண்ணாடிக் குழாயில் அப்பாவின் மூச்சு

கார்டன் ரீச்,
கல்கத்தா,
8.12.2002, ஞாயிறு.

அன்புள்ள அம்மாவுக்கு,

தேவி எழுதுகிறேன். இங்கே எல்லாம் நலம் என்று ஒரே வரியில் முடித்தால் நீ நம்பப்போவதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அந்தக் குளிர் நாட்டில் லதா அக்காவும் பிறந்த குழந்தையும் எப்படி இருக்கிறார்கள்? அத்தான் ஈமெயிலில் அனுப்பிய படத்தை எங்கள் லேப் பிரிண்டரில் எடுத்துக்கொண்டு வந்தேன். மை தீரும் நேரம் என்பதால் குழந்தையின் கன்னம் கொஞ்சம் பச்சையாக விழுந்துவிட்டது. அப்பா அதை ஆபீஸுக்கு எடுத்துப்போய் வரைபலகைக்கு மேலே மாட்டியிருக்கிறார். பார்க்கிறவர்கள் எல்லோரும் தாத்தா ஜாடை என்கிறார்களாம். பச்சையாக இருப்பதையா சொல்கிறார்கள் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நீ ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடும்போது நான் சரியாகப் பேசுவதில்லை என்று குறைப்பட்டாய். ஃபோன் கூடத்தில் இருக்கிறது. அப்பா ஒரு கையால் அதன் வயரைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார். அவரைப் பற்றிய விஷயத்தை அவர் காது கேட்க எப்படிச் சொல்வது?

விஷயம் அவர் கண். போன மாதக் கடைசியில் பழைய பாலம் ஒன்றின் படத்தை மையில் நகல் எடுத்துக்கொண்டிருந்தார். முப்பத்து நான்கு வருஷமாக ரயில்வே பாலங்களை வரைந்த கை அது. பக்கத்து மேசை இஸ்மாயில் மாமாதான் முதலில் கவனித்திருக்கிறார். நாகூர்க்காரர் வாய் சும்மா இருக்குமா? "வைத்திண்ணே, ஒரு கர்டருக்கு ரெண்டு கோடு போட்டு வச்சிருக்கீங்களே, ரயிலு எந்தக் கோட்டுல போவணும்?" என்று கேட்டாராம். அப்பா சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடவில்லை. மறுநாள் கண் டாக்டரிடம் அழைத்துப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றியிருக்கிறது. பிப்ரவரி பத்தாம் தேதி ஆபரேஷன் செய்யலாம் என்றார். ஆனால் வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்று முப்பத்தாறு இருக்கிறது. அது இறங்காமல் கத்தி வைத்தால் புண் ஆறாது, சீழ் பிடித்தால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்கிறார். மார்ச்சில் ஆபீஸில் கண் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் அப்பாவை வரைபடப் பிரிவிலிருந்து தபால் பதிகிற மேசைக்கு மாற்றிவிடுவார்கள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அந்த இரண்டு வருஷத்தை அவர் அந்த மேசையில் எப்படிக் கழிப்பார் என்று உனக்கே தெரியும்.

இரண்டு வாரமாக ஒவ்வொரு முறையும் நீ அவரிடம் இனிப்புச் சாப்பிடுகிறீர்களா என்றுதான் கேட்கிறாய். "சீனி நாக்குல பட்டு ரெண்டு மாசம் ஆச்சு விஜி" என்று அவரும் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். காப்பிக்குக்கூடச் சர்க்கரை போடுவதில்லை, அது எனக்கே தெரியும். ஆனாலும் சர்க்கரை இறங்கவில்லை. நீ நம்பவில்லை என்பது அவருக்குப் புரிகிறது. போன ஞாயிறு ஃபோனை வைத்துவிட்டு, "உங்கம்மாவுக்கு நான் இன்னும் சின்னப் பையன்" என்று மட்டும் சொன்னார்.

இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன், அம்மா. சிரிக்காமல் படி.

என் வேலை காற்றைப் பிடித்து அளப்பது என்று நீ எல்லோரிடமும் சொல்வாய். அது சரிதான். வாரத்துக்கு மூன்று நாள் டாலிகஞ்சில் ஒரு மாடி, எங்கள் நிலையத்து மாடி, நம் குவார்ட்டர்ஸ் மாடி என்று போய்க் கண்ணாடிக் குடுவைகளில் காற்றை நிரப்பிக்கொண்டு வருகிறேன். அதில் கரியமில வாயுவும் மீத்தேனும் எவ்வளவு என்று முதலில் அளப்போம். பிறகு கரியமில வாயுவை மட்டும் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துப் பிரித்து, அது எங்கிருந்து வந்தது என்று பெரிய மெஷினில் பார்ப்போம். பெட்ரோல் புகையா, அடுப்புக் கரியா, வைக்கோல் எரித்ததா என்று ஓரளவு சொல்லிவிடும். குடுவையைத் திறக்கும்போது காற்று வீசும் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொள்ளவேண்டும். ஒரு மூச்சு உள்ளே போனாலும் அன்றைய அளவு பாழ். அதனால் எங்கள் லேபில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே ஒரு குழாயில் ஊதச் சொல்லி அவர்களுடைய மூச்சை அளந்து, பேரோடு அலமாரிக் கதவில் ஒட்டிவிடுவார்கள். பிறகு ஏதாவது குடுவை கெட்டுப்போனால் யாருடைய மூச்சு என்று அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சண்டை போடலாம்.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் தபன்-தாவுக்கு இது பெரிய விளையாட்டு. அந்தக் காகிதத்தில் அவர் எண்தான் எல்லோரையும் விட விலகி நிற்கும். "நான் தினம் ஆறு ரஸகுல்லா சாப்பிடறவன், அதான் மெஷின் என்னை மட்டும் கரும்புக் காடுன்னு நினைக்குது" என்பார்.

அதில் உண்மை இருக்கிறது. கார்பன் அணுவில் லேசானது ஒன்று, கொஞ்சம் கனமானது ஒன்று. நெல், கோதுமை, பருப்பு, மரங்கள் எல்லாம் கனமானதை ஒதுக்கிவிட்டு லேசானதையே அதிகம் எடுத்துக்கொள்கின்றன. கரும்பும் சோளமும் அவ்வளவாக ஒதுக்குவதில்லை. நாம் எதைச் சாப்பிடுகிறோமோ அதுதான் எரிந்து மூச்சாக வெளியே வருகிறது. கனமானது எவ்வளவு குறைவு என்று மெஷின் சொல்லும் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி உண்டு, அதை உனக்காக விட்டுவிடுகிறேன். இருபத்தைந்தை ஒட்டி இருந்தால் சோறும் சப்பாத்தியும். இருபதின் பக்கம் நகர்ந்தால் கரும்புச் சர்க்கரை. அந்த வித்தியாசம் ஆயிரத்தில் ஐந்து பங்குதான். ஆனால் எங்கள் மெஷின் ஆயிரத்தில் ஒரு பங்கையே பத்தாகப் பிரித்துப் பார்க்கும். ஒவ்வொரு குழாயையும், அளவு தெரிந்த ஒரு சிலிண்டர் வாயுவையும் மாற்றி மாற்றிப் பத்து முறை ஒப்பிட்டுத்தான் பதில் சொல்லும்.

முதலில் என் மூச்சையே சோதித்தேன். இரண்டு நாள் இனிப்பில்லாமல் இருந்தேன், இருபத்து நான்கரை. பிறகு மூன்று ரஸகுல்லா சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஊதினேன், இருபது. கண்கூடாகத் தெரிந்தது. அதன் பிறகு அப்பாவிடம் குழாயை நீட்டினேன். "அப்பன் மேலயே போலீஸ் வேலையா? இதுக்காடி உன்னைப் படிக்க வச்சேன்?" என்றார். ஆனால் ஊதினார். ஆபீஸிலிருந்து வந்ததும் திங்கள், புதன், வெள்ளி என மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இரண்டு குழாய். ஆறும் இருபத்தைந்தை ஒட்டி நின்றன. எங்கள் லேபில் ஒருவருக்கும் இவ்வளவு சுத்தமான எண் கிடையாது.

அப்பா குற்றமற்றவர், அம்மா. மாத்திரைதான் போதவில்லை. சர்க்கரைக்குப் பார்க்கும் பானர்ஜி டாக்டரிடம் இதைச் சொன்னேன். புருவத்தை உயர்த்தினார், ஆனால் மாத்திரையை ஒன்றரையாகக் கூட்டினார். நீ அப்பாவிடம் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லவேண்டும். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டாலும் தப்பில்லை.

குளிர் இன்னும் சரியாக வரவில்லை. உன் நீலப் போர்வையை எடுத்துக்கொண்டுவிட்டேன். அக்காவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். குழந்தைக்கு என் முத்தங்கள்.

உன் அன்பு மகள்,
தேவி

*

கார்டன் ரீச்,
12.1.2003, ஞாயிறு.

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை உட்கார்ந்து படி. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா கூடத்தில் மேற்கு ஜன்னலோரம் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார். சொல்லவேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு அப்பா ஆபீஸில் மயங்கி விழுந்தார். வரைபலகையின் மேலேயே சாய்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வியர்வை. கூப்பிட்டால் கண் திறந்தாலும் யாரையும் தெரியவில்லை. எல்லோரும் மாரடைப்பு என்று ஓடியபோது இஸ்மாயில் மாமா மட்டும் மேசை டிராயரைத் திறந்து, இலையில் கட்டியிருந்த சந்தேஷ் இனிப்பை எடுத்துப் பிசைந்து அவர் வாயில் அடக்கி, "முழுங்குங்கண்ணே, முழுங்குங்க" என்று தாடையைப் பிடித்துக்கொண்டே நின்றாராம். பத்து நிமிஷத்தில் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது ஆபீஸ் டாக்டர் விரலில் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேஷுக்குப் பிறகும் சர்க்கரை அறுபத்தொன்றுதான். அதற்கு முன் எவ்வளவு இறங்கியிருந்ததோ, தெரியாது.

டிராயரில் சந்தேஷ் எப்படி வந்தது என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டேன். மாமா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "தேவிம்மா, என்னையத் திட்டிக்க. நவம்பர் பாதியிலேர்ந்து தினம் பதினோரு மணிக்கு ரெண்டு, நாலு மணிக்கு ரெண்டு. கேட்டுக்கு வெளிய ஒருத்தன் கொண்டாறான், புது நொலேன் குர் சந்தேஷ். அண்ணன் சீனியத் தொடறதில்ல, அது சத்தியம். இது வெல்லந்தானே இஸ்மாயிலு, உடம்புக்கு நல்லதுதானேன்னு கேட்டாரு. ஆமாண்ணேன்னு நானும் சொல்லிட்டேன்."

குளிர்காலத்தில் இங்கே ஈச்ச மரத்தில் சாறு இறக்கிக் காய்ச்சுகிற புது வெல்லம்தான் அது. கடைகளைத் தாண்டும்போது வருகிற அந்தப் புகை வாசனை உனக்கும் பிடிக்கும். அப்பா உன்னிடம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவர் கணக்கில் உண்மை. சீனி தொடவில்லை. நீ கேட்டது இனிப்பைப் பற்றி, அவர் பதில் சொன்னது சீனியைப் பற்றி. அந்த இடைவெளிக்குள் ஐம்பது நாள் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் அதே சந்தேஷில் ஒன்றை வாங்கி லேபுக்கு எடுத்துப்போனேன். தபன்-தா அதில் கடுகளவு எடுத்து எரித்து மெஷினில் விட்டார். இருபத்தாறு. அரிசியும் அப்படித்தான் வரும். ஈச்ச மரமும் நெல்லைப் போலக் கனமான கார்பனை ஒதுக்குகிற ஜாதிதான், அம்மா. பரீட்சையில் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூட எழுதியிருப்பேன். இனிப்பு என்றால் கரும்பு என்று நினைத்துவிட்டேன். என் மூச்சைச் சோதிக்கவும் வெள்ளை ரஸகுல்லாவைத்தான் சாப்பிட்டேன். கல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவள், டிசம்பர் மாதத்தில், ஈச்ச வெல்லத்தை மறந்துவிட்டேன். அந்த வியாபாரி வெல்லத்தில் கொஞ்சம் சர்க்கரை கலந்திருந்தாலே மெஷின் பிடித்திருக்கும். அவர் நேர்மையானவராகப் போய்விட்டார். தபன்-தா சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, டீ வாங்கிவரப் போனார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

என் டிசம்பர் கடிதம் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் எங்கோ கிடந்து புது வருஷத்தில்தான் உனக்குக் கிடைத்தது இல்லையா? போன ஞாயிறு நீ அப்பாவிடம் ஃபோனில் மன்னிப்புக் கேட்டாய். அவர் பதில் சொல்லாமல் என்னிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டுப் போனது உனக்கு வெட்கமாகப் பட்டிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மறுநாள் திங்கட்கிழமை பானர்ஜி டாக்டரிடம் போனோம். சர்க்கரை இருநூற்றுப் பத்து. அவர் அப்பாவைப் பார்த்து, மறைக்காமல் சொல்லுங்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். என் அப்பா பொய் சொல்கிறவர் இல்லை, என்னிடம் அளவு இருக்கிறது என்று பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். மாத்திரை மூன்றாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை மூன்று மாத்திரைக்கான முதல் வேளையை விழுங்கிவிட்டு அப்பா ஆபீஸுக்குப் போயிருக்கிறார். பதினோரு மணிக்கு மாமா பொட்டலத்தை நீட்டியபோது, "வேணாம் இஸ்மாயில், இனிமே வேணாம்" என்றிருக்கிறார். ஏன் என்று மாமா கேட்டதற்கு, "அவ டாக்டர்கிட்ட எனக்காகச் சண்டை போடறா" என்று மட்டும் சொன்னாராம். மத்தியானச் சாப்பாடும் பாதிதான். மாத்திரைகள் எல்லாம் அந்தச் சந்தேஷையும் சேர்த்து அடக்கக் கொடுத்தவை. அது இல்லாத உடம்பில் அவை சர்க்கரையை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டன. அவர் நிஜமாகவே நிறுத்திய முதல் நாளில்தான் விழுந்தார்.

அவர் பண்ணியது தப்புதான். ஆனால் அவரை விழ வைத்தது என் காகிதம். சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த உன்னையும் டாக்டரையும் வாயடைக்க வைத்தவள் நான். நீ கேட்டதையே நானும் கேட்டுக்கொண்டிருந்தால் நாலு நாளில் உண்மை வந்திருக்கும். எனக்கு அவர் மேல் இருந்த நம்பிக்கையைவிட அந்த எண்ணின் மேல் இருந்த பெருமை அதிகம் என்று இந்த நாலு நாளாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

பானர்ஜி டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஈச்ச மரம் வரைக்கும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடுத்த தடவை உங்கப்பாவோட காத்தைக் கொண்டு வராதேம்மா, உங்கப்பாவைக் கூட்டிட்டு வந்து பேசவிடு" என்றார். மாத்திரையைப் பழையபடி ஒன்றாக்கிவிட்டார். சந்தேஷ் இல்லாவிட்டால் அதுவே போதுமாம். பிப்ரவரி பத்துக்குள் இறங்கிவிடும், நாளைத் தள்ளவேண்டாம் என்றார். ஆகவே இன்னும் நாலு வாரம் இருக்கிறது. நாளை மறுநாள் பொங்கல். இந்த வருஷம் வெண்பொங்கல் மட்டும்தான்.

நீ டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வராதே. அக்காவுக்கு இன்னும் மூன்று மாதமாவது நீ இருக்கவேண்டும். நான் இருக்கிறேன். இந்த முறை நிஜமாகவே பார்த்துக்கொள்கிறேன். கோபப்பட வேண்டுமானால் என் மேல் கொஞ்சம் அதிகமாகப் படு.

உன் மகள்,
தேவி

*

கார்டன் ரீச்,
16.2.2003, ஞாயிறு.

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்ல செய்தி உனக்கு ஃபோனிலேயே தெரியும். ஆனாலும் மையில் ஒருமுறை எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. திங்கட்கிழமை அப்பாவுக்கு வலது கண் ஆபரேஷன் நடந்தது. அன்று காலை சர்க்கரை நூற்று இருபத்தெட்டு. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை கட்டைப் பிரித்தார்கள்.

பிரித்ததும் அப்பா எதிரே இருந்த ஜன்னல் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது நீலமா?" என்று கேட்டார். நீலம்தான் என்றேன். உள்ளே வரும்போது அது அவருக்குச் சாம்பல் நிறமாகத்தான் தெரிந்ததாம். இரண்டு வருஷமாகவே நீலம் என்ற ஒன்று அவருக்கு இல்லாமல் போயிருக்கிறது, அதுகூடத் தெரியாமல் வரைந்துகொண்டிருந்திருக்கிறார். அடுத்து என் பக்கம் திரும்பி, முகத்தை அருகே கொண்டுவந்து, "உனக்கு எப்படி நரை வந்துது?" என்றார். நெற்றி ஓரத்தில் மூன்று முடி. ஒரு வருஷமாக இருக்கிறது. நர்ஸ் சிரித்துவிட்டாள். நான் அழுதுவிட்டேன், நரைக்காக இல்லை.

இஸ்மாயில் மாமா இரண்டு நாளும் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். அவர் மனைவி அனுப்பிய கஞ்சியைக் கொடுக்கும்போதெல்லாம், "வெல்லம் போடலண்ணே, நம்புங்க" என்பார். அப்பா, "நீ சொன்னா நம்பமாட்டேன், அந்த மெஷின்ல வச்சுட்டு வா" என்பார். இப்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரிக்க முடிகிறது. ஆபீஸ் கண் பரிசோதனை மார்ச் இருபதாம் தேதி. ஒரு கண்ணே போதும், தேறிவிடுவார் என்கிறார் கண் டாக்டர். இடது கண் மே மாதத்தில், நீ வந்த பிறகு. அதற்கும் சர்க்கரை இப்படியே நிற்கவேண்டும்.

என் விஷயமும் கொஞ்சம் சொல்லவேண்டும். என் ஆய்வுச் சுருக்கத்தை இந்த மாதம் கொடுப்பதாக இருந்தேன். கொடுக்கவில்லை. எங்கள் பேராசிரியரிடம் போய், எந்தப் புகைக்கு எந்த எண் என்று நான் வைத்திருக்கும் பட்டியலில் பாதி வெளிநாட்டுப் புத்தகங்களிலிருந்து எடுத்தது, அதை எல்லாம் நானே அளக்கவேண்டும் என்றேன். ஆறு மாதம் தள்ளிப்போகும், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். ஏன் திடீரென்று என்றதற்கு, ஈச்ச வெல்லக் கதையைச் சொன்னேன். நான் இப்படி வீட்டு விஷயத்தை வெளியே பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அவர், இதை யாராவது இருபது வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருக்கவேண்டும் என்றார். இப்போது ஊர் ஊராகப் போய் வைக்கோல், கரித்தூள் உருண்டை, வறட்டி, வெல்லம் காய்ச்சுகிற அடுப்பில் எரிக்கிற ஓலை என்று எல்லாவற்றையும் பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறேன். நம் வங்காளக் காற்றில் எது எங்கிருந்து வருகிறது என்று நம் பொருள்களை வைத்தே சொல்லும் ஒரு பட்டியல் இதுவரை என் கைக்குக் கிடைக்கவில்லை. அதை எழுதி முடித்தால் எனக்குப் பிறகு வருகிறவர்கள் புத்தகத்தைப் பார்த்துத் தப்பாக எண்ணவேண்டியதில்லை. நிறைய வேலை. ஆனால் காலையில் எழும்போது சந்தோஷமாக இருக்கிறது.

இனி, இந்தக் கடிதத்தை எதற்காக எழுத ஆரம்பித்தேனோ அதற்கு வருகிறேன்.

என் ஜனவரிக் கடிதம் உனக்குக் கிடைத்த நாள் உன் குரலிலேயே தெரிந்தது. அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. நீ என்னிடம் பேசுகிறாய், மாத்திரை சாப்பிட்டாரா, ஆபரேஷன் எப்படி, சொட்டு மருந்து எத்தனை வேளை என்று எல்லாவற்றையும் என்னிடமே கேட்கிறாய். அப்பா பக்கத்தில் நிற்கிறார். இப்போது வயரைப் பிடித்துக்கொள்வதில்லை, கொஞ்சம் தள்ளி நிற்கிறார். அப்பாவிடம் கொடுக்கட்டுமா என்று நான் கேட்டால், குழந்தை அழுகிறது, வைக்கிறேன் என்கிறாய். குழந்தை அழுகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை, அம்மா.

உன் கோபம் நியாயமானது. கடல் கடந்து இருந்துகொண்டு நீ மன்னிப்புக் கேட்டாய், அவர் வாங்கிக்கொண்டார். அது சின்ன விஷயம் இல்லை. நானும் முதல் வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு சாயங்காலம் என் பையிலிருந்து காலிக் குழாய் ஒன்றைத் தானாகவே எடுத்து ஊதி, மூடிபோட்டு, தேதி எழுதி என் மேசையில் வைத்துவிட்டார். தினமும் ஊதுகிறேன், எடுத்துப்போ என்றார். அந்தக் குழாயை நான் எடுத்துப்போகவில்லை. கழுவி வைத்துவிட்டேன். இனி உங்கள் மூச்சை நான் அளக்கப்போவதில்லை, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன், நீங்கள் சொல்வதுதான் எனக்கு அளவு என்றேன். அவருக்குக் குழாயில் ஊதுவது சுலபமாக இருந்திருக்கும். இது அப்படி இல்லை. முதல் நாள் எதுவும் இல்லை என்றார். மூன்றாம் நாள், ஆபீஸில் யாரோ பேரன் பிறந்ததற்குக் கொடுத்த ஜிலேபியில் ஒரு துண்டு, இவ்வளவுதான் என்று கட்டை விரல் நகத்தைக் காட்டினார். நான் சரி என்றேன். அதற்குப் பிறகு தினமும் அவரே சொல்கிறார், நான் கேட்பதற்கு முன்பே.

உன்னிடமும் சொல்லவேண்டும் என்று நினைக்கிறார். கடிதமாக எழுதப் பார்த்தார், இரண்டு முறை. சௌக்கியம், சௌக்கியமா என்பதற்கு மேல் பேனா ஓடவில்லை. பாலம் என்றால் ஒரு ஆணிகூட விடாமல் வரைந்துவிடுவார். இதை எப்படி வரைவது என்று அவருக்குத் தெரியவில்லை.

இந்தக் கடிதம் உனக்குப் பன்னிரண்டு நாளில் கிடைக்கும். மார்ச் இரண்டாம் தேதி ஞாயிறு மாலை ஏழு மணிக்கு நீ கூப்பிடும்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன். அன்று அவர் வீட்டுக்கு நான் வருவதாக இஸ்மாயில் மாமாவிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். அப்பாதான் எடுப்பார். முதலில் குழந்தையைப் பற்றிக் கேட்பார். அப்புறம் அங்கே பனி எவ்வளவு என்று கேட்பார். இரண்டுக்கும் பதில் சொன்ன பிறகு நீ எதுவும் கேட்காதே, அம்மா. வைத்தும் விடாதே. கொஞ்ச நேரம் சும்மா ஃபோனைப் பிடித்துக்கொண்டிரு. அவர் சொல்வார்.

உன் அன்பு மகள்,
தேவி